இருபது டொலர் வாங்கியிருக்கலாம்

எங்கள் கடற்கரையில் ஒருவர் இருக்கிறார். அவரை எனக்குப் பிடிக்காது என்பது திருக்கோவிலில் பலருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் நான் தடுமாறியதே இல்லை. குடிப்பார், வாங்கிய கடனைத் திருப்ப மாட்டார், சுனாமிக்கு முன்னமே தோணியை விற்றுப்போட்டு, தோணி போய்விட்டதென்று நிவாரணத்துக்குக் கணக்குக் காட்டினார். முதலாவது எங்கள் கரையில் பாதிப் பேருக்குப் பொருந்தும். இரண்டாவது யாரோ எனக்குச் சொன்னது. மூன்றாவதை நானே உண்டாக்கினேன். உண்டாக்கியது நான்தான் என்பதையும் கொஞ்சக் காலத்தில் மறந்துபோனேன். இந்தக் கட்டுரை அந்த மறதியைப் பற்றியது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா தினம். அந்தக் காலையில் இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறை மாவட்டத்தில்தான் அதிகம் பேர் செத்தார்கள். 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று வடக்கே வீடுகள் நெருக்கமாக இருந்த கரைகளில் சாவு கூடுதல். எங்கள் பக்கம் திருக்கோவில், தம்பிலுவில், கோமாரி என்று கரை முழுக்கத் தோணியும் வலையும் வாடியும் போயின. மறுகா உதவி வந்தது. வந்த வேகத்தில் வந்தவர்களுக்கே எங்கே எதைக் கொடுப்பதென்று தெரியவில்லை. எங்கும் லிஸ்ட் கேட்டார்கள். வீட்டுக்கு ஒரு லிஸ்ட், வலைக்கு ஒரு லிஸ்ட், பிள்ளைகளின் சைக்கிளுக்கு ஒரு லிஸ்ட்.

நான் வாத்தியார். தமிழிலும் இங்கிலீசிலும் எழுதக்கூடியவன் என்பதால் ஊர்க் குழுவின் செயலாளர் வேலை என் தலையில் விழுந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எங்கள் கரைக்கு பைபர் போட்டுகள் தருவதாகச் சொல்லி, தோணி இழந்தவர்களின் பெயர் கேட்டது. எழுதி முடித்திருந்த லிஸ்ட் வீட்டு மேசையில் கிடந்தபோது மனைவியின் தம்பி வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "அத்தான், என்ட பேரையும் ஒருக்காப் போட்டுப் பாருங்களன்" என்றார். அவர் கடலுக்குப் போகிறவர் அல்ல. அவர் காசு தரவில்லை, நானும் கேட்கவில்லை. மிரட்டவில்லை, கெஞ்சக்கூட இல்லை. போட்டுப் பார்க்கச் சொன்னார், நான் போட்டேன். எண்ணிக்கை ஒன்று கூடியதால் ஒரு பெயரை எடுக்க வேண்டி வந்தது. முந்திய கூட்டத்துக்கு வராத ஒருவரின் பெயரை எடுத்தேன்.

அடுத்த கூட்டத்தில் ஒருவர், "அவர்ட பேர் எங்க சேர்?" என்று கேட்டார். "அவர் தோணிய முன்னமே வித்துப்போட்டாராம் எண்டு கேள்வி" என்றேன். அந்த 'கேள்வி' என்ற சொல் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! சொன்னவன் நான், ஆனால் கேட்டவன் போல நின்றேன். பெயர் போனவர் வீட்டுக்கே வந்து, "சேர், என்ட பேர் விடுபட்டுப் போச்சாமே" என்றார். "நாங்க எழுதித்தான் குடுத்த அண்ணன், மேலால வெட்டிப்போட்டாங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

மைத்துனர் அந்தப் போட்டை ஒரு நாள்கூடத் தண்ணீரில் இறக்கவில்லை. சில மாதங்களில் எஞ்சினோடு சேர்த்து விற்றார். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து அதை வாங்கியவர், நான் பெயரை எடுத்த அதே ஆள். அது தெரியவந்தபோதாவது என் நெஞ்சில் ஏதாவது குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு, "பாத்தீங்களா, போட் வாங்குற அளவுக்கு அவரிட்டக் காசு இருந்திருக்கு" என்றேன். இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியதை ஒருவர் கடன்பட்டு வாங்குகிறார். அதையே நான் அவருக்கு எதிரான சாட்சியாக்கினேன். என் வாழ்வில் நான் பேசிய பேச்சுகளில் இதைவிடக் கேவலமானது வேறில்லை. அதைப் பேசும்போது எனக்கு அது நியாயமாகப் பட்டது என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்த நாட்களில் நான் கல்முனையில் உளசமூகப் பயிற்சி வகுப்புகளில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சுனாமியில் தப்பியவர்களோடு பேசப் போகும் இளைஞர்களும் யுவதிகளும் முன்னால் இருப்பார்கள். பாதிப் பேர் முஸ்லிம்கள், பாதிப் பேர் தமிழர். நான் விரும்பி நடத்திய பாடம், அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் அறிகை முரண் கோட்பாடு.

அதை அமெரிக்காவில் தொடங்க மாட்டேன், பீகாரில் தொடங்குவேன். 1934 ஜனவரி 15இல் பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம். பட்னாவில் இருந்த ஜமுனா பிரசாத், அதன்பின் மக்களிடையே உலவிய வதந்திகளைச் சேகரித்து 1935இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். இன்னும் பெரிய பூகம்பம் வருகிறது, வெள்ளம் வருகிறது, புயல் வருகிறது, சந்திரகிரகணத்தன்று வருகிறது என்பது போன்ற வதந்திகள். அதிர்ச்சியை உணர்ந்தும் பெரிதாக எதையும் இழக்காத இடத்தில் மக்கள் ஏன் தங்களை மேலும் பயமுறுத்தும் கதைகளைப் பரப்ப வேண்டும்? துர்கானந்த் சின்ஹா என்பவர் டார்ஜிலிங் மண்சரிவைப் பற்றி 1952இல் எழுதியபோது, உண்மையிலேயே அழிவைக் கண்ட அந்த மக்களிடம் அப்படிப்பட்ட வதந்திகள் இல்லை என்று காட்டினார். 1950களின் தொடக்கத்தில் இந்த ஆய்வுகளை வாசித்த ஃபெஸ்டிங்கருக்கு ஒன்று புலப்பட்டது: அந்த வதந்திகள் பயத்தை உண்டாக்கியவை அல்ல, ஏற்கெனவே இருந்த பயத்துக்குக் காரணம் கொடுத்தவை. உடல் நடுங்குகிறது, கண்ணுக்கு முன்னால் நடுங்கும்படி ஒன்றும் இல்லை. இந்த இரண்டும் பொருந்தவில்லை. பொருந்த வைக்க ஒரு செய்தி வேண்டும். 1957இல் வெளிவந்து சமூக உளவியலைப் பல பத்தாண்டுகள் ஆண்ட கோட்பாட்டுக்கு விதை இந்த மண்ணுக்குப் பக்கத்தில் கிடைத்தது என்று வகுப்பில் சொல்வதில் எனக்குப் பெருமை.

பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கும். அடுத்த போயாவுக்குக் கடல் திரும்ப வரும் என்ற பேச்சு 2005இன் தொடக்கத்தில் எங்கும் இருந்தது. அதை அதிகம் பேசியவர்கள் கரையில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் அல்ல, தண்ணீர் எட்டாத உள்வீதிக்காரர்கள். நான் பார்த்தது அப்படித்தான். மார்ச் 28 இரவு சுமாத்ராவுக்கு அப்பால் நியாஸ் தீவருகே மறுபடி நிலம் நடுங்கி, ஊரே கிளம்பி ஓடியபோது, வதந்தி உண்மையாகிவிட்டதென்று சிலர் ஏறக்குறைய ஆறுதல் அடைந்தார்கள். இதையெல்லாம் பலகையில் எழுதி, "பயம் முதல், செய்தி பிறகு" என்று கோடு போட்டு விளக்கினேன். குற்றம் முதல், குற்றவாளி பிறகு என்று என் வீட்டிலேயே ஒரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. அதைப் பலகையில் எழுத எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வகுப்பு எப்போதும் ஒரு டொலர் பரிசோதனை. 1959இல் ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் வெளியிட்டது; ஸ்டான்போர்ட் மாணவர்கள் 71 பேர். அரை மணி நேரம் நூற்கட்டைகளைத் தட்டில் அடுக்கி எடுத்து, மறுபடி அடுக்க வேண்டும். இன்னொரு அரை மணி, 48 சதுர முளைகளை ஒவ்வொன்றாகக் கால் திருப்பம் திருப்ப வேண்டும். சலித்துச் செத்துப்போகும் வேலை. முடிந்ததும், வெளியே காத்திருக்கும் பெண்ணிடம் போய் வேலை சுவாரசியமாக இருந்தது என்று சொல்லும்படி கேட்டார்கள். சிலருக்கு 1 டொலர், சிலருக்கு 20 டொலர். அந்தக் காலத்தில் 20 டொலர் பெரிய காசு. பிறகு எல்லோரிடமும், வேலை உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். கழித்தல் 5இலிருந்து கூட்டல் 5 வரையான அளவுகோலில், பொய் சொல்லாதவர்கள் கொடுத்த சராசரி கழித்தல் 0.45. 20 டொலர்காரர் கழித்தல் 0.05. 1 டொலர்காரர் கூட்டல் 1.35. அற்பக் காசுக்குப் பொய் சொன்னவர்கள்தான் தங்கள் பொய்யை நம்பத் தொடங்கினார்கள். 20 டொலர்காரனுக்கு விளக்கம் கையில் இருக்கிறது: காசுக்காகச் சொன்னேன். ஒரு டொலர்காரனுக்கு அது இல்லை. ஆகவே வேலையை நல்லதாக்கிக்கொள்கிறான்.

என் கதையின் அச்சாணி இங்கே இருக்கிறது. மைத்துனரிடம் நான் ஒரு லட்சம் வாங்கியிருந்தால் இலஞ்சம் வாங்கியவன் என்று எனக்கே தெரிந்திருக்கும். துப்பாக்கியோடு ஒருவன் வந்து எழுதச் சொல்லியிருந்தால் உயிருக்குப் பயந்தவன் என்று தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் அந்த நாட்களில் அப்படியும் லிஸ்ட் மாறியது உண்டு. இரண்டு விதத்திலும் நான் பாவி, ஆனால் பெயர் போனவர் நிரபராதியாகவே என் மனதில் இருந்திருப்பார். எனக்குக் கிடைத்தது ஒரு மைத்துனரின் சிரிப்பு. அவ்வளவு சின்ன விலைக்கு ஒரு மீனவனின் பிழைப்பை எடுத்தேன் என்பதை ஏற்க என்னால் முடியவில்லை. ஆகவே எடுத்தது சரி என்று ஆக வேண்டும். சரியாக வேண்டுமென்றால் அவர் கெட்டவராக வேண்டும். அவரைக் கெட்டவராக்கும் வேலையை வருடக்கணக்காகச் செய்தேன். அவர் குடித்துவிட்டுப் போன மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. வலை தைத்துக்கொண்டிருந்த காலைகள் ஒன்றும் நினைவில்லை. இரண்டையும் நான் பார்த்திருப்பேன்.

இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 1960இல் கீத் டேவிஸும் எட்வர்ட் ஜோன்ஸும் செய்தது. மாணவர்களைக் கொண்டு இன்னொரு மாணவனை மட்டம்தட்டிப் பேச வைத்தார்கள். பேசிய பிறகு பேசியவர்களுக்கே அவனைப் பிடிக்காமல் போனது. அதிலும் ஒரு சாரார்: பேச மறுக்கலாம் என்றிருந்தும் பேசி, பிறகு அவனைச் சந்தித்து உண்மையைச் சொல்ல வழியும் இல்லாதவர்கள். இவர்களிடம்தான் வெறுப்பு கூடியது. பிறகு சந்தித்துச் சொல்லிவிடலாம் என்று தெரிந்தவர்களுக்கு அவ்வளவு வெறுப்புத் தேவைப்படவில்லை.

இதை வாசித்தபோது எனக்குச் சுருக்கென்றது. அவர் இருந்தது சந்திரமண்டலத்தில் அல்ல, நடந்து போகும் தூரத்தில். எந்தப் பின்னேரமும் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் செய்தது, அந்த வழியை அடைத்ததுதான். கடற்கரை வீதியை விட்டுவிட்டுப் பிரதான வீதியால் போனேன். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சித்திரவேலாயுத சுவாமி கோவில் கடற்கரையில் ஊர் முழுக்க நிற்கும். அங்கும் அவர் நிற்கும் பக்கம் ஒதுங்கி மறுபக்கம் இறங்கினேன். அவரைக் கண்டால் எரிச்சல் வருவதால் ஒதுங்குவதாக எண்ணினேன். ஒதுங்க ஒதுங்கத்தான் எரிச்சல் வளர்ந்தது.

இந்தப் பழக்கம் ஓர் ஆளோடு நின்றுவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனையில், கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களைக் கொன்றார்கள். நான் சுட்டவனும் இல்லை, சுடச் சொன்னவனும் இல்லை. ஆனால் யாராவது காத்தான்குடி என்று வாயெடுத்தால் "அப்ப வீரமுனை?" என்று என் நாக்கு முந்திக்கொள்ளும். அக்கரைப்பற்றில் எனக்கொரு முஸ்லிம் நண்பர், அவரும் ஆசிரியர். நான் வீரமுனை என்றால் அவர் காத்தான்குடி என்பார். இருவரும் படித்தவர்கள், இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டவர்கள். நம்முடைய ஆட்கள் என்று நாம் நினைப்பவர்கள் செய்த கொலையைச் சுமப்பதைவிட, செத்தவர்களுக்கு ஒரு குற்றத்தைத் தேடிக் கொடுப்பது சுலபமாக இருந்தது. லிஸ்டில் பெயர் வெட்டிய மனமும் இதுவும் ஒன்றுதான். அளவுதான் வேறு.

கோட்பாட்டை நான் வக்கீலாகவும் வைத்துக்கொண்டேன். என் தவறு மெல்ல எனக்கே தெரியத் தொடங்கியபோது முதலில் வந்த எண்ணம், "மனித மனம் அப்படித்தான், ஸ்டான்போர்ட் பிள்ளைகளே இப்படியென்றால் நான் எம்மாத்திரம்" என்பது. பிறகு 2024இல் இன்னொரு செய்தி வந்தது. 19 நாடுகளில் 39 ஆய்வுகூடங்கள் சேர்ந்து, 4,898 பேரைக் கொண்டு இந்தக் கோட்பாட்டின் அடிப்படைப் பரிசோதனை வகையொன்றைத் திரும்பச் செய்தன. தங்கள் கருத்துக்கு எதிராக எழுதியவர்களின் கருத்து கொஞ்சம் நகர்ந்தது உண்மை. ஆனால் விரும்பி எழுதியவர்களுக்கும் சொன்னதற்காக எழுதியவர்களுக்கும் இருக்க வேண்டிய வித்தியாசம் கிடைக்கவில்லை. அந்த வித்தியாசம்தான் கோட்பாட்டின் உயிர்நிலை. இதை வாசித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி. கோட்பாடே ஆட்டம் காண்கிறது, அப்படியென்றால் அவரைப் பற்றி நான் நினைத்தது வெறும் மனக்கணக்கு அல்ல, அவர் உண்மையிலேயே அப்படிப்பட்டவராகவும் இருக்கலாம்! கோட்பாடு சரியென்றாலும் எனக்குச் சாதகம், பிழையென்றாலும் எனக்குச் சாதகம். இப்படி இரண்டு பக்கத்தாலும் தப்பும் மனிதனைக் கண்டபோதுதான் அவனை நம்பக்கூடாதென்று தெரிந்தது. 39 ஆய்வுகூடங்கள் என்ன சொன்னாலும், நான் ஒரு பெயரை எடுத்ததை அவை மாற்றப்போவதில்லை.

என்னை நகர்த்தியது அந்தப் பெரிய ஆய்வு அல்ல. 1959 கட்டுரையில் ஒரு சின்னப் பகுதி. 71 பேரில் 60 பேரின் தரவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். 11 பேரை ஏன் விட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று பேர் அந்த வேலைக்கு உடன்படவில்லை. இரண்டு பேர் அந்தப் பெண்ணிடம் பொய்யோடு உண்மையையும் சொல்லிவிட்டார்கள். மிச்சம் ஒருவன், ஒரு டொலர்காரன். பெண்ணிடம் பொய் சொல்லிவிட்டு வந்த உடனே, அவளுடைய தொலைபேசி இலக்கம் வேண்டும், கூப்பிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நின்றான். அவள் வேலை முடித்து வரும்வரை காத்திருக்கவும் ஆயத்தம் என்றான். பரிசோதனைக்கு அவன் உதவாதவன், ஆகவே சராசரியில் சேர்க்கவில்லை. இத்தனை வருடம் பாடம் நடத்திய நான் அவனைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு வேண்டியிருந்தது சராசரி. எல்லோரும் இப்படித்தான் என்று சொல்லச் சராசரி உதவும். அந்த ஒருவன் உதவ மாட்டான்.

போனேன். அவர் முற்றத்தில் இருந்தார். எழும்பி, "வாங்க சேர், இரிங்க" என்று கதிரை எடுத்துப் போட்டார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: லிஸ்ட், மைத்துனர், கூட்டத்தில் சொன்னது, மேலால வெட்டினார்கள் என்று பொய் சொன்னது, கடையில் பேசியது. குறுக்கே பேசாமல் கேட்டார். போட்டைப் பற்றி வந்தபோது மட்டும், "அது எப்பயோ தெரியும் சேர். வித்த ஆளே சொன்னவர்" என்றார். இத்தனை காலமும் தெரிந்துகொண்டு எனக்குச் சேர் போட்டிருக்கிறார்.

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "பொய்ய ஊருக்குச் சொல்லிப்போட்டு, உண்மைய எனக்கு மட்டும் வந்து சொன்னாச் சரியா சேர்? நான் தோணி வித்தனா இல்லையா எண்டு எனக்குத் தெரியாதா?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்டது நியாயம். அவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்தால் என் பாரம் குறையும், அவர் பெயரில் இருக்கும் கறை குறையாது. "என்ட மகள்ட கல்யாணப் பேச்சுக்கும் அந்தக் கதை வந்தது சேர்" என்று, நான் கேட்காமலே சொன்னார். என் வாயிலிருந்து ஒரு கூட்டத்தில் விழுந்த ஒரு வசனம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது. அதன் பின்னால் நானும் அவ்வளவு தூரம் போக வேண்டும்.

ஆகவே திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும் விநாயகபுரத்திலும் இதை வாசிக்கிறவர்களுக்கு: அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும், நான் யார் என்றும் தெரியும். சுனாமியன்று அவருக்குத் தோணி இருந்தது. அது முறிந்து கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்து, என் கையால் லிஸ்டில் எழுதினேன். அவர் யாருக்கும் விற்கவில்லை, பொய்க் கணக்கும் காட்டவில்லை. மேலிடத்தில் யாரும் அவர் பெயரை வெட்டவில்லை. வெட்டியது நான். அவருக்கு வர வேண்டிய போட்டைத்தான் அவர் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கினார். இதற்கு மாறாக யாராவது எங்காவது பேசினால், அந்தக் கதையைக் கட்டியவனே அதைப் பொய்யென்று எழுதியிருக்கிறான் என்று சொல்லுங்கள்.